மாதாவைத் தூக்க எந்த புரோக்ராம்?

1. டீச்சர் படியேறி வந்தார்

நான் எட்டாவது ஃபெயில். ஒன்பதாம் வகுப்பை வெராண்டாவில் நின்று பார்த்ததோடு சரி. அதனால் ஒரு சாயங்காலம் எங்கள் ஏரியா ஸ்கூல் ஸ்டெல்லா டீச்சர் கையில் குடையோடு எங்கள் ஜிம் மாடிப்படி ஏறி வந்தபோது எனக்கு மரியாதைக்கு முன்னால் பயம்தான் வந்தது. பழைய வீட்டுப்பாடம் எதையாவது கேட்டுவிடுவாரோ என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். அது உள்ளே வரவில்லை. அது என் பேச்சைக் கேட்டு ரொம்ப வருஷம் ஆகிறது.

எங்கள் ஜிம், மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் பக்கம் போகிற ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நான் காதர், அங்கே லேடீஸ் பேட்ச் கோச். இந்த வேலை எனக்குக் கிடைத்ததே தொப்பையால்தான். ஓனர் மோகன் அண்ணன் எங்கள் கோச்சுகளை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "காதரு, ஒன்ன பாத்தா எந்தப் பொம்பளைக்கும் பயம் வராது. நீ பாத்துக்கோ" என்று கொடுத்துவிட்டார்.

அப்போதெல்லாம் புதிதாக வரும் பெண்களுக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரே புரோக்ராம். கொஞ்ச நேரம் டிரெட்மில், கொஞ்ச நேரம் சைக்கிள், அப்புறம் ரோஸ் கலர் டம்பெல்ஸை விசிறி மாதிரி ஆட்டுவது, கடைசியில் தண்ணீர். வெயிட் தூக்கினால் கை ஆம்பளைக் கை மாதிரி தடித்துவிடுமா என்று யாராவது கேட்டால், என் கையைக் காட்டுவேன். இத்தனை வருஷமாகத் தூக்குகிறேன், எனக்கே தடிக்கவில்லை, உனக்கு எங்கே தடிக்கப் போகிறது என்பேன். அதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடும்.

டீச்சர் அதைக் கேட்கவில்லை. குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "மாஸ்டர், ஆறு பேர் சேர்ந்து அஞ்சு ஃபுல் சிலிண்டர் வெயிட்டைத் தோள்ல வச்சு ஒரு தெரு நடக்கணும். அதுக்கு எந்த புரோக்ராம்?" என்றார்.

வீடு ஏதாவது காலி பண்ணுகிறார்களோ என்று நினைத்தேன். விஷயம் அது இல்லை. டீச்சருடைய மகளுக்கு டெங்கு வந்து, பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. ஆஸ்பத்திரி காரிடாரில் நின்று டீச்சர் வேண்டிக்கொண்டாராம், பிள்ளை பிழைத்து வந்தால் திருவிழாவுக்கு மாதா சப்பரத்தை என் தோளில் சுமக்கிறேன் என்று. பிள்ளை பிழைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து குழம்பு பிடிக்கவில்லை என்று சண்டை போடும் அளவுக்கு நன்றாகவே பிழைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் டீச்சருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அவர்கள் கோயிலில் சப்பரம் தூக்குவது ஆம்பளைகள் மட்டும்தான்.

"அவசரத்துல வேண்டிக்கிட்டேன் மாஸ்டர். யார் தூக்குவாங்கன்னு அந்த நேரத்துல யோசிக்கத் தோணல."

சப்பரக் குழுவுக்குத் தலைவர் ஆரோக்கியம் அண்ணன். எங்கள் ஏரியாவில் பிளம்பர், எனக்கும் பழக்கம். அவர் டீச்சரிடம், உன் தம்பியைத் தூக்கச் சொல், மாதா ஏற்றுக்கொள்வார் என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார். வேண்டிக்கொண்டது நான், தம்பி தூக்கினால் அது பிராக்ஸி அட்டெண்டன்ஸ் என்று டீச்சர் சொல்லிவிட்டார். விஷயம் ஃபாதரிடம் போனது. ஃபாதர் ஒரு வழி சொன்னார். ஆறு பெண்கள் சேரட்டும். கொடியேற்றத்துக்கு முன்னால் சப்பரத்தைத் தூக்கி, கோயில் காம்பவுண்டை ஒரு சுற்று சுற்றி, பத்திரமாக இறக்கிக் காட்டட்டும். முடிந்தால் முதல் தெரு அவர்களுக்கு. முடியாவிட்டால் தம்பி.

டீச்சருக்கு வேண்டியது அந்த ஒரு தெருதான். அதற்கு எங்கள் கையில் மூன்று மாசம் இருந்தது.

2. மண்டேன்னா செஸ்ட்

அடுத்த திங்கட்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். டீச்சர், குப்பத்தில் மீன் விற்கும் லூர்து அக்கா, மாதா சபையிலிருந்து இன்னும் நாலு பேர். எல்லோரும் சுடிதாரில் வந்தார்கள். லூர்து அக்கா மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே மகனுடைய ஜெர்சி ஒன்றைப் போட்டிருந்தார். முதுகில் பத்தாம் நம்பர்.

வெயிட் தூக்க வேண்டும் என்று பெண்கள் கேட்டு வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. ரோஸ் டம்பெல்ஸை ஓரம் கட்டினேன். எனக்குத் தெரிந்த இன்னொரு புரோக்ராமை எடுத்தேன். அது பையன்களுக்குக் கொடுப்பது. திங்கள் செஸ்ட், செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, கால் என்று ஒன்று இருப்பது சனிக்கிழமை ஞாபகம் வந்தால் கால். மெட்ராஸில் எந்த ஜிம்முக்குப் போனாலும் மண்டேன்னா செஸ்ட்தான். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நானும் அப்படித்தான் கற்றேன், அப்படியே கொடுத்தேன். பெஞ்சில் படுக்கவைத்து நாலு வகை செஸ்ட் அடிக்கவைத்தேன். எல்லோரும் வேர்த்துப் போனார்கள். நான் ரொம்பச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் டீச்சரால் கையைத் தூக்கிப் போர்டில் எழுத முடியவில்லை. பிள்ளைகளை விட்டே எழுதவைத்திருக்கிறார். சபைக்கார அக்கா ஒருத்தரால் தலை பின்ன முடியவில்லை. மூன்றாம் நாள் ஆறு பேரும் சேர்ந்து வந்து என் முன்னால் நின்றார்கள். பேசியது லூர்து அக்கா.

"பாய், நாங்க இன்னா மாதாவ நெஞ்சால தள்ளிக்கினா போப்போறோம்? தோள்ல தூக்கப்போறோம். இதுக்கு எதுக்கு பாய் நெஞ்சுக்கு இம்மாம் வேலை?"

பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சிரித்தார். அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தேன். பழக்கமில்லாத வேலை, தலை வலித்தது.

சப்பரத்தைத் தூக்கும்போது என்ன நடக்கிறது? முதலில் குனிந்து தரையிலிருந்து எடுக்கிறார்கள். அது முதுகும் தொடையும். எழுகிறார்கள். அது கால். தோளில் தாங்கி நடக்கிறார்கள். அது உடம்பு முழுக்க. நெஞ்சுக்கு வேலையே இல்லை, பக்தியைத் தவிர.

அப்படித்தான் புது புரோக்ராம் வந்தது. புதிதாகக் கோச் வேலைக்கு வரும் தம்பிகளே, இன்றைக்கும் புதிதாக வரும் பெண்களுக்கு நான் இதில்தான் ஆரம்பிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு நாளும் முழு உடம்பும். உட்கார்ந்து எழுவது, அது ஸ்குவாட். தரையிலிருந்து எடுப்பது, டெட்லிஃப்ட். தலைக்கு மேலே தள்ளுவது, இடுப்புப் பக்கம் இழுப்பது, கடைசியில் இரண்டு கையிலும் டம்பெல்ஸைப் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றி நடப்பது. அவ்வளவுதான். முதல் வாரம் பார், அதாவது தட்டு மாட்டும் இரும்புக் கம்பி, கிடையாது. பெரிய பார் தட்டே போடாமல் இருபது கிலோ. அதனால் ஜிம்மில் தரை துடைக்கும் மாப்பைக் கழற்றிக் கட்டையை மட்டும் கொடுத்தேன். முதுகு வளையாமல் குனிய வந்தபிறகு சின்னப் பார். அது சுலபமானால் ஆகச் சின்னத் தட்டு ஒன்று. அதுவும் சுலபமானால்தான் அடுத்தது.

மாப் இல்லாத அந்த வாரம் முழுக்க மோகன் அண்ணன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

3. மாமியின் கம்ப்ளைன்ட்

சைக்கிளில் உட்கார்ந்து சிரித்தாரே, அவர் மைதிலி மாமி. தெற்கு மாட வீதியிலிருந்து முழங்கால் வலிக்காக வருபவர். சைக்கிளைத் தவிர எதையும் தொட மாட்டார். ஆனால் ஹாலில் நடப்பது ஒன்றுவிடாமல் தெரியும்.

இரண்டாம் மாசம் ஆறு பேரும் டெட்லிஃப்டில் நன்றாக ஏறிவிட்டார்கள். லூர்து அக்கா போட்ட தட்டைப் பார்த்து, அடுத்த பேட்சுக்குச் சீக்கிரம் வந்த பையன் ஒருத்தன் பேக்கை எடுத்துக்கொண்டு திரும்பவும் கீழே போய்விட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கி முடித்ததும் பாரை அப்படியே கையைவிட்டுப் போடச் சொல்லியிருந்தேன். தொம். மாடி அதிரும். கீழே மருந்துக் கடையில் இருமல் மருந்து பாட்டில்கள் பாட்டுப் பாடும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். தூக்குவது உங்கள் வேலை, இறக்குவது பூமியின் வேலை என்று டயலாக் வேறு பேசுவேன்.

ஒருநாள் மாமி சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டாப்பா, சத்தம் போடாம கீழ வைக்கவே தெரியாதா இவாளுக்கு? எங்காத்துல நான் சிலிண்டரக்கூட மெதுவாத்தான் இறக்கி வைப்பேன்."

ஜிம்மில் இது சகஜம், போட்டியில்கூட இப்படித்தான் போடுவார்கள் என்று விளக்கினேன். போட்டி என்ற வார்த்தையைச் சொன்னபோது நானே ஏதோ கலந்துகொண்டு வந்தவன் மாதிரி மார்பை நிமிர்த்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். மாமி என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு துப்பட்டாவைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார்.

4. மண் மூட்டை

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்ததும் சோதனை வைத்தார்கள். நல்லவேளை, ஃபாதர் சுரூபத்தை, அதாவது மாதா சிலையை, வைக்கவில்லை. மாதா நிற்கும் இடத்தில் மண் மூட்டைகளை அடுக்கி, வெயிட்டைச் சரிசெய்திருந்தார்கள். குழுக்காரர்கள் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆரோக்கியம் அண்ணன் கைலியை மடித்துக் கட்டி, சப்பரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். மாதாவுக்குப் பாடிகார்ட் மாதிரி.

உயரமானவர்கள் பக்கம் வெயிட் ஏறாமல் இருக்க, குட்டையானவர்களின் தோளில் லூர்து அக்கா துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக் கொடுத்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்று பிஸ்மில்லா சொன்னேன். ஆறு பேரும் குனிந்தார்கள், முதுகு நேராக இருந்தது, எழுந்தார்கள். சப்பரம் ஒரே மட்டத்தில் மேலே வந்தது. குழுக்காரர்களில் ஒருவர் கட்டியிருந்த கையைத் தானாக அவிழ்த்தார். காம்பவுண்டைச் சுற்றினார்கள். குகை மாதிரிக் கட்டிய மாதா கெபியைத் தாண்டி, பம்ப் செட்டைத் தாண்டி, கால் பிசகாமல் திரும்பி வந்தார்கள். முடிந்தது என்று நினைத்து நான் டீ சொல்லத் திரும்பினேன்.

இறக்குவதுதான் பாக்கி. சப்பரத்தை மரத் தாங்கி மேல் வைக்க வேண்டும். முன்னால் இருந்த இரண்டு பேர் குனிந்தார்கள். குனிந்த வேகத்தில், இரண்டு மாசமாக நான் பழக்கியதை அவர்கள் கை அப்படியே செய்தது. விட்டுவிட்டது.

தொம்.

சப்பரம் முன்பக்கம் சாய்ந்தது. மேல் மூட்டை சரிந்து, ஆரோக்கியம் அண்ணனின் கால் பக்கத்தில் விழுந்து வெடித்தது. யாருக்கும் அடி படவில்லை. ஆனால் எல்லோரும் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆரோக்கியம் அண்ணன் குரலை உயர்த்தவில்லை.

"மூட்டையாங்காட்டி மண்ணு கொட்டிச்சு, டீச்சர். மாதாவா இருந்தா இன்னா கொட்டியிருக்கும்?"

டீச்சர் கீழே உட்கார்ந்து மண்ணைக் கையால் அள்ளி மூட்டைக்குள் போட ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் பிள்ளைகளிடம் திரும்பச் செய் என்று சொன்னவர் இல்லையா, கடைசியில் எழுந்து ஃபாதரிடம் அதையேதான் கேட்டார். இன்னொரு வாய்ப்பு. கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, அதுதான் கடைசி என்றார் ஃபாதர். நடுவில் மூன்று வாரம்.

திரும்பி நடக்கும்போது டீச்சர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "என் பொண்ணு முன்னால நான் தம்பியைத் தூக்கவிட்டா, வேண்டுதல்னா என்னன்னு அவளுக்கு நான் என்ன சொல்லித் தர்றது மாஸ்டர்?"

டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். ஆனால் அன்றைக்குத்தான் வலித்தது.

5. சத்தம் கேட்டா செல்லாது

மறுநாள் மைதிலி மாமி சைக்கிளில் ஏறுவதற்கு முன்னாலேயே போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். மாமி "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தச் சைக்கிளைத் தூக்கி அவர்களுக்குப் பக்கத்தில் போடு என்று மட்டும் சொன்னார்.

போட்டேன். அன்றிலிருந்து மாமிதான் ரெஃப்ரி. சைக்கிளை மிதித்தபடி கண்ணை மூடிக்கொள்வார். பார் தரையைத் தொடும்போது சின்னச் சத்தம் வந்தாலும், "கேட்டுது. செல்லாது" என்பார். அந்தத் தடவை கணக்கில் வராது. திரும்பத் தூக்க வேண்டும்.

தட்டைப் பாதியாகக் குறைத்தேன். இறக்குவது தூக்குவதைவிட எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தொடை நடுங்கியது. எவ்வளவு மெதுவாக இறக்குவது என்று கேட்டார்கள். ஒன்று இரண்டு மூன்று எண்ணச் சொன்னேன். அவசரத்தில் எல்லோரும் ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவினார்கள். லூர்து அக்காதான் வழி கண்டுபிடித்தார்.

"எண்ணினா ஓடும் பாய். ஜெபம் சொல்லிக்கினே இறக்குனா ஓட முடியாது. யாரு ஓடுவா மாதா மின்னாடி?"

மங்கள வார்த்தை ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லி முடிக்கும்போது பார் தரையில் இருக்க வேண்டும், முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. ஆறு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அதனால் ஆறு பேரும் சேர்ந்தே இறங்கினார்கள். எனக்குத் தோன்றாத விஷயம் அது. பலம் இருந்தால் போதாது, ஒரே நேரத்தில் இறங்கவும் வேண்டுமே. மூன்று வாரத்தில் அந்த ஜெபம் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுள்கூட வாயில் நிற்காதவன் நான். வீட்டில் பால் குக்கரை இறக்கும்போது என்னை அறியாமல் முணுமுணுத்தேன். என் சம்சாரம் ஷமீம் திரும்பிப் பார்த்து, "ஜிம்முக்குத்தானே போறே?" என்றாள்.

கடைசி வாரத்தில் ஒருநாள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் இறக்கினார்கள். எல்லோரும் மாமியைப் பார்த்தோம். மாமி கண்ணைத் திறக்கவே இல்லை.

"ஏன் நிறுத்திட்டேள்? இறக்குங்கோ" என்றார்.

இறக்கியாயிற்று மாமி, என்றேன்.

இரண்டாவது சோதனையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மூட்டையிலிருந்து ஒரு மண்ணும் சிந்தவில்லை. ஆரோக்கியம் அண்ணன் தாங்கிக்கும் சப்பரத்துக்கும் நடுவில் கையை வைத்து, எங்கேயும் சாய்வு இல்லை என்று பார்த்துவிட்டு, "ஃபாதர், முதல் தெரு அவங்களுது" என்று அவரே சொன்னார்.

6. முதல் தெரு

திருவிழா அன்று சுரூபம், பூ அலங்காரம், சீரியல் லைட், அதற்கு ஒரு பேட்டரி என்று சப்பரத்தின் வெயிட் ஏறியிருந்தது. நல்லவேளையாக நாங்கள் ஒரு சிலிண்டர் அதிகமாகவே பழகியிருந்தோம். ஆறு பேரும் நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை. லூர்து அக்கா அன்றைக்குப் பத்தாம் நம்பர் இல்லாமல் வந்தார்.

நானும் மாமியும் முதல் நிறுத்தத்தில், ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றோம். பேண்ட், வெடி, ஜெபமாலை, மைக் எல்லாம் சேர்ந்து வந்தது. கூட்டத்துக்கு மேலே மாதா ஆடாமல் வந்தார். டீச்சர் முன் வரிசையில், வலது தோளில். அவர் மகள் பக்கத்திலேயே மெழுகுவர்த்தியோடு நடந்தாள். அவ்வப்போது அம்மாவின் நெற்றி வேர்வையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அம்மாவால் துடைக்க முடியாதே, இரண்டு கையும் கட்டையில்.

குழுக்காரர்கள் கீழே மரத் தாங்கியை வைத்தார்கள். ஆறு பேரும் குனிந்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. என் உதடும் அசைந்தது. ஆரோக்கியம் அண்ணன் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டே நின்றார், ஆனால் தொடவில்லை. சப்பரம் தாங்கியில் உட்கார்ந்தது.

"சத்தம் கேட்டுதா மாமி?" என்றேன்.

"இந்த பேண்டுல இடி விழுந்தாக்கூடக் கேக்காது" என்றார் மாமி. "ஆனா மாதா கையில இருக்கற மல்லிப்பூ பாரு. ஒரு இணுக்குகூட ஆடல."

டீச்சர் தோளிலிருந்து சும்மாட்டை எடுத்து மகளிடம் கொடுத்தார். குழுக்காரர்கள் கட்டைக்குள் நுழைந்தார்கள். மாதா அடுத்த தெருவுக்குப் போனார். டீச்சர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று அழுதார். நான் ஜெராக்ஸ் கடை விலைப்பட்டியலை ரொம்பக் கவனமாகப் படித்தேன், படிப்பில் ஆர்வம் உள்ளவன் மாதிரி.

7. இதிலிருந்து நான் கற்றது

புதிதாக வரும் ஒரு பெண்ணுக்கு எந்த புரோக்ராம் என்று என்னைக் கேட்டால், இப்போது நான் முதலில் வெயிட்டைப் பற்றிப் பேசுவதில்லை. எதைத் தூக்கணும், எங்கே இறக்கணும் என்று கேட்கிறேன். ஒருத்தருக்குச் சிலிண்டர். ஒருத்தருக்குத் தூக்கத்தில் உருண்டுவிடும் குண்டுப் பேரன். ஒருத்தருக்குப் படுத்த படுக்கையான மாமியார். பதில் வந்தபிறகுதான் மாப் கட்டையைக் கையில் கொடுக்கிறேன். ஜிம்முக்கு இரண்டாவது மாப் வாங்கியாயிற்று. சப்பரக் குழுவிலிருந்து நாலு ஆம்பளைகள்கூட இறக்கப் பழக வந்தார்கள். மாமி அவர்களிடம் இன்னும் கண்டிப்பு.

இந்தக் கேள்வி எல்லோருக்கும் பொருந்தும் என்று பெருமையாக இருந்தேன். திருவிழா முடிந்த அடுத்த திங்கட்கிழமை, சரியாகப் பேட்ச் ஆரம்பிக்கும் நேரத்துக்கு ஸ்டெல்லா டீச்சர் படியேறி வந்தார். வேண்டுதல் முடிந்தது, இனி வர மாட்டார் என்று நினைத்திருந்தேன். குடையை அதே சுவரோரம் சாய்த்தார். துப்பட்டாவை இறுக்கிக் கட்டினார். நான் என் புதுக் கேள்வியைக் கேட்டேன். இப்போ எதைத் தூக்கணும் டீச்சர்?

டீச்சர் பாருக்கு முன்னால் போய் நின்று, கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணும் இல்ல மாஸ்டர். எனக்கே ஆசையா இருக்கு."

அதற்கும் இதே புரோக்ராம்தான். தட்டைப் போட்டேன்.